ஏழு நிமிடமும் நாற்பத்திரண்டு கிலோமீட்டரும்

சென்னையில் விடிவதற்கு முன் எழுந்து ஓடுகிறவர்களில் இரண்டு பேரை இங்கே பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். ஒருவர் ஜனவரி மாரத்தானுக்காகப் பயிற்சி எடுப்பவர். அலுவலக வேலை, நாற்பதை ஒட்டிய வயது, கையில் தூரம் காட்டும் கடிகாரம். இன்னொருவர் திருவொற்றியூரிலோ காசிமேட்டிலோ எண்ணூரிலோ இருக்கும் இருபது வயதுப் பையன். சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் காவலர் தேர்வில் ‘பிசிக்கல்’ பாஸ் பண்ண வேண்டும் என்பதற்காக ஓடுகிறான். முன்னவருக்கு ஓட்டம் அவராகத் தேடிக்கொண்டது. பின்னவனுக்கு அது அரசு வேலைக்குப் போகும் வழியில் நிற்கும் ஒரு கதவு.

இருவருக்கும் வலி வருவது ஒரே இடத்தில்தான்: முழங்காலுக்குக் கீழே, கணைக்கால் எலும்பின் உட்பக்க விளிம்பில். கிரவுண்டில் இதை ‘ஷின் பெயின்’ என்கிறார்கள். ஓட்டக் காயங்களைப் பற்றி எழுதப்படும் அறிவுரைகளில் பெரும்பாலானவை மாரத்தான்காரரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே எடுத்துப் பையனிடம் கொடுத்தால் பாதிதான் பொருந்தும். பொருந்தாத மற்றப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். 400 மீட்டர் தடத்தில் அது மூன்றே முக்கால் சுற்று. சுற்றுக்கு 112 விநாடி கிடைக்கும். கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி வேகம். 42.195 கிலோமீட்டரை நாலரை மணி நேரத்தில் முடிக்கும் மாரத்தான்காரரின் வேகம் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 விநாடி. அவருக்குச் சோதனை தூரத்தில் இருக்கிறது, இவனுக்கு வேகத்தில். ஆனாலும் இருபது வயதில் ஆரோக்கியமாக இருக்கும் ஒருவனுக்கு இந்த 7 நிமிடம் எட்டாத உயரம் இல்லை. நிதானமாகப் பழகினால் சில மாதங்களில் கைக்கு வந்துவிடும். அப்படியிருக்க, இவ்வளவு பேருக்கு ஏன் கால் போகிறது?

ஒரு காரணம், அவன் ஒரே தேர்வுக்காக ஓடுவதில்லை. 1500 மீட்டர் தகுதிச் சுற்று மட்டுமே. அதற்கு மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் கயிறு ஏறுவதிலும், நீளம் அல்லது உயரம் தாண்டுவதிலும், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டத்திலும் இருக்கிறது. மூன்றும் சேர்ந்து 24 மதிப்பெண். எழுத்துத் தேர்வுக்கு 70. மிச்சமுள்ள 6 என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு. இதே பையன் ராணுவத்தின் அக்னிவீர் தேர்வுக்கும் மனுப் போட்டிருப்பான். அங்கே 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண். சுற்றுக்கு 83 விநாடிகூட இல்லை. மத்திய ஆயுதப் படைகளுக்கான எஸ்.எஸ்.சி. தேர்வில் 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் முடிக்க வேண்டும். ஆக, ஒரே கால் குறுவேகம், நடுத்தூரம், நெடுந்தூரம், தாண்டுதல் என நாலு வேலை செய்கிறது. மாரத்தான்காரர் ஒரே ஒரு தூரத்துக்காகத் தயாராகிறார். அவருடைய பயிற்சியில் பெரும்பகுதி, பேசிக்கொண்டே ஓடக்கூடிய நிதானத்தில்தான் நடக்கிறது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. பையன் தினமும் ‘டைமிங்’ எடுக்கிறான். நேற்று 7:20 என்றால் இன்று 7:10 வந்தாக வேண்டும். ஒவ்வொரு காலையும் முழு மூச்சில் ஓடி, ஸ்டாப்வாட்சைப் பார்த்துவிட்டுக் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். தினமும் பரீட்சை எழுதிக்கொண்டே இருந்து, ஒருநாளும் பாடம் படிக்காத மாணவனைப் போன்ற நிலைமை இது. மெதுவாக ஓடும் நாள் என்ற ஒன்று அவனுடைய வாரத்தில் இல்லவே இல்லை.

இங்கே எலும்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஓடும்போது எலும்பில் ஏறும் பாரத்தால் அதனுள் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் உண்டாகின்றன. உடல் அவற்றைச் சரிசெய்யும் விதம் விசித்திரமானது: பழுதான பகுதியை முதலில் கரைக்கிறது, பிறகு புதிதாகக் கட்டுகிறது. கரைக்கும் வேலை இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். கட்டி முடிக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். பயிற்சி தொடங்கிய மூன்றாம், நான்காம், ஐந்தாம் வாரங்களில் எலும்பு பழையதைவிடப் பலவீனமாக இருப்பது இதனால்தான். ஆனால் இதயமும் நுரையீரலும் தசையும் எலும்புக்காகக் காத்திருப்பதில்லை. மூன்று வாரத்திலேயே மூச்சு வாங்குவது குறைகிறது, டைமிங் இறங்குகிறது, உற்சாகம் ஏறுகிறது. ‘செமயா இருக்கு, இன்னும் ரெண்டு ரவுண்டு சேத்துக்கலாம்’ என்று தோன்றும் அந்த வாரமே எலும்பு மிகவும் நலிந்திருக்கும் வாரம்.

இப்படி ஓயாத பளுவால் எலும்பு விரிசல் விடும் காயம் மருத்துவ ஏட்டில் முதலில் பதிவானது படைவீரர்களிடம்தான். பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட் 1855-இல் அணிநடை வீரர்களின் வீங்கிய பாதங்களைப் பற்றி எழுதினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட இன்னும் நாற்பது ஆண்டுகள் இருந்தன. உள்ளே எலும்பு விரிசல் விட்டிருக்கிறது என்று அன்று பார்க்க முடியவில்லை. புதிதாகப் படையில் சேர்ந்தவர்களின் முதல் சில வாரங்களில் இது அதிகம் வருவதைப் பின்னாளில் உலகின் பல ராணுவங்கள் கண்டன. அந்த அளவில், காவலர் தேர்வுப் பையன்தான் இந்தக் காயத்தின் பழைய நோயாளி. மாரத்தான்காரர் பின்னால் வந்து சேர்ந்தவர்.

மாரத்தான்காரர் பக்கமும் தவறு உண்டு. வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்பது அவர்களிடையே வேதவாக்கு. நெதர்லாந்தில் 532 புதிய ஓட்டக்காரர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2008-இல் வெளியானது. 8 வாரத்தில் தயாரானவர்களுக்கும் 13 வாரம் படிப்படியாக ஏற்றியவர்களுக்கும் காய விகிதம் ஒன்றாகவே, சுமார் 20 சதவீதமாக இருந்தது. 5,000-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2025-இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வாளர்களின் கட்டுரை வேறொன்றைச் சுட்டியது: வார மொத்தத்தைவிட, கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைத் தாண்டி ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் எகிறுவதே காயத்தோடு அதிகம் சேர்ந்து வருகிறது. மாரத்தான்காரருக்கு அந்த எகிறல் ஞாயிற்றுக்கிழமை நீள் ஓட்டத்தில் நடக்கும். பையனுக்கு அது மாதிரித் தேர்வு நாளில் நடக்கும் என்பது என் கணிப்பு: காலையில் 1500, பிறகு 400, 100, நாலைந்து முறை நீளம் தாண்டுதல், எல்லாம் ஒரே வேளையில்.

அடுத்து, ஓடும் தரை. இதில் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசத்தைத் துறைமுகமே உண்டாக்கியது. நம் கரையோரம் ஆண்டுக்கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1875-இல் வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் அடிக்கல் நாட்டிய சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அந்த மணலை மறித்தன. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே மணல் வராமல் ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. வீடுகளும் தெருக்களும் போயின. கருங்கல்லைக் கொட்டித் தடுப்புப் போட்டார்கள், பிறகு தூண்டில் வளைவுகள் வந்தன. வளைவுகளுக்கு இடையே இப்போது அங்கங்கே மணல் திட்டு கூடியிருக்கிறது. ஆனால் கிலோமீட்டர் கணக்கில் தடையில்லாமல் ஓட மெரினா போல ஒரு கரை வடசென்னைக்கு இல்லை. தெற்கே ஓடுகிறவருக்கு நடைமேடையும் மணலும் கிடைத்த அதே காரணத்தால், வடக்கே ஓடுகிறவனுக்குக் கிடைத்தது தார்ச்சாலை. சென்னை மாரத்தானும் நேப்பியர் பாலத்தில் தொடங்கித் தெற்கே போகிறது.

மணல் என்றால் காலுக்கு நல்லது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தளர்ந்த மணலில் ஓடச் செலவாகும் சக்தி கெட்டித் தரையைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். எலும்பில் விழும் அதிர்ச்சி குறைந்தாலும் கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாணும் கூடுதலாக உழைக்கும். தார்ச்சாலையின் தொல்லை வேறு மாதிரி. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பயந்து ஓரத்திலேயே ஓட வேண்டியிருக்கிறது. மழைநீர் வடிவதற்காகச் சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். அந்தச் சரிவில் ஓடும்போது ஒரு பாதம் எப்போதும் தாழ்ந்தே விழுகிறது. மாதக்கணக்கில் ஒரே பக்கத்தில் போனால் ஒரே காலுக்கு வலி வருவதில் ஆச்சரியம் இல்லை. சாலையைக் கடக்காமல், போன ஓரத்திலேயே திரும்பி வந்தால் சரிவு இரண்டு கால்களுக்கும் பங்காகும். ஆனால் அப்போது ஒரு திசையில் வண்டிகள் முதுகுக்குப் பின்னால் வரும். மாநகராட்சி மைதானத்தின் மண் தரை கிடைத்தால் அதுவே மேல். அங்கும் சுற்றும் திசையை நாள் விட்டு நாள் மாற்ற வேண்டும்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாக. மணலி, எண்ணூர் ஆலைகளின் புகையும் லாரிப் புகையும், மார்கழிக் காலை போன்ற அசைவற்ற குளிர்நேரத்தில் தரையை ஒட்டித் தங்கும். ஓடுகிறவன் உட்கார்ந்திருப்பவனைவிடப் பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கிறான். இருமல், மூச்சிறைப்பு என்று அவன் நுரையீரல் படும் பாட்டை மாரத்தான் கையேடுகள் கணக்கில் எடுப்பதில்லை. 2023-24 குளிர்காலத்தை நினைத்துப் பாருங்கள். டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் கறுத்தது. டிசம்பர் 10 அன்று காவலர் எழுத்துத் தேர்வு. டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிவு; மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஜனவரி 6 அன்று மாரத்தான் நடந்தது. பிப்ரவரியில் உடல்திறன் தேர்வு. அந்த எட்டு வாரத்தில் எண்ணூர்ப் பையன் ஓடியிருக்கக் கூடிய நல்ல காலைகள் எத்தனை இருந்திருக்கும்!

வலி வந்த பிறகு இருவரும் போகும் வழியும் வேறு. மாரத்தான்காரர் விளையாட்டுப் பிசியோதெரபிஸ்டிடம் போகிறார், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கிறார். பையன் முதலில் ஸ்ப்ரே அடிக்கிறான், பிறகு க்ரீப் பேண்டேஜ் சுற்றுகிறான், மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடுகிறான். அதுவும் பலிக்காவிட்டால் புத்தூர் கட்டு. கட்டுப் போட்டுக் கால் அசையாமல் இருக்கும் நாட்களில் வலி தணியத்தான் செய்யும். கட்டை அவிழ்த்த மறுநாளே டைமிங் எடுக்கப் போவதில்தான் ஆபத்து. ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்குப் போனால் காசு செலவில்லை. ஆனால் ஒரு நாள் கூலி போகும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்ற பதிலோடு திரும்பவும் நேரலாம். அதில் மருத்துவர் மேல் குற்றமில்லை: ஹேர்லைன் கிராக் எனப்படும் இந்த நுண்ணிய முறிவு முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. புதிய எலும்பு கூடத் தொடங்கிய பிறகே நிழலாகத் தெரியும். ‘எக்ஸ்ரே கிளியர்’ என்பதை ஓடலாம் என்ற அனுமதியாக எடுத்துக்கொண்டு கெட்டவர்கள் உண்டு.

அதனால் பெருவிரலை நம்பலாம். ஸ்டூலில் உட்கார்ந்து, காலை மடித்துப் போட்டு, கணைக்கால் எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழாக ஒவ்வொரு விரற்கடையாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலைந்து விரல் நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓடத் தொடங்கும்போது கடுத்து, உடம்பு சூடானதும் குறைந்தால் அது பெரும்பாலும் எலும்பின் மேலுறை சார்ந்த வலி. பளுவைக் குறைத்தால் சில வாரங்களில் அடங்கும். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரே ஒரு இடத்தில் ‘சுரீர்’ என்று குத்தினால், ஓட ஓட வலி ஏறினால், இரவில் படுத்திருக்கும்போதும் விண்ணென்று தெறித்தால், அந்த ஒற்றைக்காலில் நின்று குதிக்க முடியாமல் போனால், அதை முறிவாகவே கருதி ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். குத்தும் இடம் எலும்பின் முன்பக்கக் கூர்முனையில், நடுப்பகுதியில் இருந்தால் இன்னும் கவனம். அந்த இடம் ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், முழுதாக ஒடியவும் கூடும். எண்ணெய் போட்டு உருவிவிடுவது அங்கே கூடவே கூடாது.

ஓய்வு எடு என்று சொல்வது எளிது. மாரத்தான்காரர் ஓய்வெடுத்தால் அவருக்கு நுழைவுக் கட்டணம் போகும், ஒரு வருடம் தள்ளிப்போகும். அடுத்த ஜனவரியிலும் நேப்பியர் பாலம் அங்கேயேதான் இருக்கும். பையனுக்கு அடுத்த அறிவிக்கை எப்போது என்று தெரியாது. வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருக்கும். வீட்டில் இவன் வேலைக்குப் போவதை நம்பித் தங்கையின் கல்லூரிக் கட்டணம் நிற்கும். ஆகவே ‘ஓடாதே’ என்பதோடு நிற்காமல், ஓடாத மூன்று வாரத்தில் என்ன செய்வது என்றும் அவனிடம் சொல்ல வேண்டும். அதற்கு அவனிடமே வழி இருக்கிறது. கயிறு ஏறுவதற்குக் கணைக்கால் வேண்டாம். தோளும் கைப்பிடியும் போதும். மாரத்தான்காரர் நீச்சல் குளத்துக்குப் போய்ச் செய்வதை இவன் வீட்டிலிருக்கும் சைக்கிளில் செய்யலாம்: வலி இல்லாமல் மிதிக்க முடிந்தால், ஒரு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் நிதானம் என்று மாற்றி மாற்றி. மூச்சுத் திறன் பெரிதாக இறங்காது. எலும்பு ஆறிய பிறகு 7 நிமிடத்துக்குத் திரும்புவது அந்தத் திறனை வைத்துத்தான்.

தூக்கத்தைப் பற்றி, கிரவுண்டில் பயிற்சி தரும் மாஸ்டர்கள் பேசிக் கேட்டதில்லை. இஸ்ரேல் ராணுவ மருத்துவர்கள், புதிய வீரர்களின் எலும்பு முறிவைக் குறைக்கக் காலணி, உள்தகடு என்று இருபத்தைந்து ஆண்டுகள் என்னென்னவோ முயன்றார்கள். இரவில் குறைந்தது ஆறு மணி நேரத் தூக்கத்தைக் கட்டாயமாக்கி, அணிநடைத் தூரத்தையும் குறைத்தபோது முறிவுகள் அறுபது சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாக 2008-இல் எழுதினார்கள். இரவு பதினொன்று வரை உணவு டெலிவரி, அல்லது யார்டில் ஷிஃப்ட், பிறகு நாலரைக்கு அலாரம் என்று வாழும் பையனுக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி வேறு கிடையாது. இரவு ஷிஃப்ட் முடிந்த காலையில் ஓடாமல் தூங்கி, அன்று மாலை ஓடுவது சோம்பல் ஆகாது.

அதே குழுவினர் இன்னொன்றையும் கண்டார்கள். படையில் சேருவதற்கு முன் இரண்டு ஆண்டுகளாவது கூடைப்பந்து போன்ற பந்து விளையாட்டு ஆடியவர்களுக்கு முறிவு பாதிக்கும் கீழே குறைந்தது. பல திசையிலும் திரும்பி, தாண்டி, நின்று ஓடும் ஆட்டம் எலும்பை எல்லாப் பக்கமும் கெட்டிப்படுத்துகிறது. கால்பந்தும் குத்துச்சண்டையும் ஊறிய வடசென்னையில் தெருவில் பந்து உதைத்து வளர்ந்த பையன், பள்ளி முடித்து ஐ.டி. நாற்காலியில் பதினைந்து வருடம் உட்கார்ந்துவிட்டு ஓட வந்தவரைவிட இந்த ஒரு விஷயத்தில் முன்னால் நிற்கிறான். அவனுடைய வயதுப் பெண்ணுக்கு இந்த முதலீடு பெரும்பாலும் மறுக்கப்படுகிறது. எட்டாம் வகுப்போடு அவளைத் தெருவிலிருந்து உள்ளே கூப்பிட்டுவிடுகிறோம். காவலர் தேர்வில் பெண்களுக்கான தகுதி ஓட்டம் 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. தூரம் சிறிதுதான். ஆனால் காலையில் வெறும் வயிற்றில் ஓடிவிட்டு, மீதி இருந்ததைச் சாப்பிட்டு, மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போவதை ‘பிராக்டீஸ்னால’ என்று விட்டுவிடும் பெண்ணின் எலும்பு, ஆணுடையதைவிட எளிதில் விரிசல் விடும். உடல் தன் செலவுக்குப் போதிய உணவு இல்லாமல் எலும்புக் கணக்கில் கைவைக்கிறது என்பதற்கு அது அறிகுறி. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இலேயே இதைத் தனி நிலையாக வரையறுத்து எச்சரித்தது. அவித்த முட்டை, வேர்க்கடலை, காசிமேட்டு நெத்திலி எல்லாம் இங்கே மருந்துக்குச் சமம்.

இத்தனைக்கும் பிறகு நாட்காட்டியைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. மாரத்தான்காரர் ஜனவரிக்காக ஜூலை, ஆகஸ்டில் தொடங்குகிறார். காவலர் தேர்வுக்கான 2023 அறிவிக்கையும் ஆகஸ்டில்தான் வந்தது. உடல்திறன் தேர்வு பிப்ரவரியில். இரண்டு பேருக்கும் ஆறு மாதம் இருந்தது! பையன் 70 மதிப்பெண்ணுக்காகப் புத்தகத்தில் மூழ்கி, ‘ரிட்டன் முடியட்டும், அப்புறம் ஓடிக்கலாம்’ என்று டிசம்பர் வரை ஓட்டத்தைத் தள்ளிவைக்கிறான். மிச்சமிருக்கும் எட்டு வாரம் எலும்பு கட்டி முடிக்கத் தேவையான காலத்தைவிடக் குறைவு. அவன் படிப்பை விட வேண்டியதில்லை. அறிவிக்கை வந்த வாரத்திலிருந்து வாரம் மூன்று நாள், இருபது நிமிடம், பக்கத்தில் வருகிறவனோடு பேசிக்கொண்டே ஓடும் வேகம். அக்டோபரிலிருந்து வாரம் ஒருநாள் மட்டும் வேகம். நாலு வாரத்துக்கு ஒருமுறை டைமிங். எழுத்துத் தேர்வு முடிந்த பிறகு தாண்டுதலும் 400-உம் சேரட்டும். வடசென்னையில் பயிற்சி மையம் நடத்துகிறவர்கள் ஆகஸ்டில் சேரும் பிள்ளைகளுக்குப் பொது அறிவுக் கையேட்டோடு இந்த அட்டவணையையும் அச்சடித்துக் கொடுக்கலாம். இரண்டு தாள்கூட ஆகாது.